சமதரையில் ஏற்றம் தேடி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை என்று பெயர்பெற்ற ஊர் ஒன்று உண்டு. பெயரை நம்பி மலை பார்க்கப் புறப்படும் வெளியூரவர் கீரிமலையிற் காண்பது, கடலோரமாக ஓரிரு ஆள் உயரமுள்ள சுண்ணாம்புக் கற்றிட்டையும், நன்னீர் ஊறும் கேணியையும், நகுலேஸ்வரர் ஆலயத்தையுமேயாகும். குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. பாறையோ சுண்ணாம்புக்கல், பெய்த மழையைத் தன்னுள்ளே உறிஞ்சிக்கொள்வது. ஆறென்று சொல்லிக்கொள்ள மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. ஆறு ஓடுவதற்கே சரிவு போதாத மண்ணில் மனிதன் ஏறுவதற்குச் சரிவை எங்கே தேடுவது?

இம்மண் துவிச்சக்கர வண்டிக்கென்றே வாய்த்த மண் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. அதில் உண்மையும் உண்டு. வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகக் காலையிற் கல்லூரிக்கு விரையும் மாணவிகள், கரியரில் கீரைக்கட்டுடன் சந்தைக்குச் செல்லும் தோட்டக்காரர், பழைய றலி வண்டியைக் கைவிட மனமில்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர், லுமாலாவின் பின்னே மீன்பெட்டி கட்டிய வியாபாரி ஆகிய எல்லாரையும் ஒரே ஒழுங்கையிற் காணலாம். 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடையாது போக, குடாநாட்டு வாழ்வு முழுவதையும் சைக்கிளே சுமந்தது. நோயாளி அதில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அரிசிமூட்டை அதில் ஊருக்கு வந்தது. மின்சாரம் அற்ற வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்கப்பட்டது. கிளாலிக் கடலில் மனிதரோடு மனிதராகச் சைக்கிளும் படகேறியது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் ஒரேயிரவில் இடம்பெயர்ந்தபோது, உருட்டிச் செல்லப்பட்ட சைக்கிள்களின் மீதுதான் எத்தனையோ குடும்பங்களின் உடைமைகள் எல்லாம் இருந்தன. பின்னர் 2022 இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற வேளையில், நாம் மறக்கத் தொடங்கியிருந்த வண்டிகள் மீண்டும் தூசி தட்டப்பட்டன; புதுச் சைக்கிளின் விலையோ சில மாதங்களிற் பன்மடங்காயிற்று.

ஆனால் இவையெல்லாம் பிழைப்புக்காக ஓடிய ஓட்டம். இக்கட்டுரைக்குக் காரணமானது வேறோர் ஓட்டம்.

எமது ஊர்ச் சனசமூக நிலையத்தோடு இணைந்த விளையாட்டுக் கழகத்தில், போட்டிக்கென்று சைக்கிள் ஓடும் இளைஞர்கள் சிலர் உளர். பழைய இறக்குமதிச் சைக்கிள்களைத் தவணை முறையில் வாங்கி, ஊர்ச் சைக்கிள் கடைக்காரரின் கைத்திறனால் ஒட்டியும் மாற்றியும் ஓடுகிறவர்கள் அவர்கள். சமதரைப் போட்டிகளில் அவர்களைப் பிடிப்பது இலகுவன்று. மலைப்பாதை வரும் நீண்ட போட்டிகளிலோ முதலாவது ஏற்றத்திலேயே பின்தங்கிவிடுவார்கள். அவர்களுள் ஒருவன் ஒருநாள் வாசிகசாலைத் திண்ணையில் வைத்து எம்மிடம் கேட்டான்: "சேர், எத்தினை நாளைக்குத்தான் இந்தத் தட்டைறோட்டிலை ஓடிப் பழகிறது? ஏத்தம் எங்கை சேர் இருக்கு?"

தமிழ் படிப்பிக்கிற எமக்கு விளையாட்டுத்துறையில் அதிகம் பரிச்சயமில்லை. ஆயினும் கேள்வி எம்மை விடவில்லை.

ஏற்றம் என்பது சைக்கிளோட்டிக்கு யாது? கணக்கு எளியது. வண்டியும் ஆளுமாக எழுபத்தைந்து கிலோ எடை என்று கொள்வோம். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் பாதையில் அவன் ஏறும்போது, ஏறத்தாழ ஆறு கிலோ எடையை யாரோ பின்னால் கட்டி இழுப்பது போன்ற விசை அவனைப் பின்னோக்கி இழுக்கிறது. அது இடைவிடாத இழுவை; ஒரு மிதி தவறினால் வண்டி நின்றுவிடும். சமதரையில் அவனை மறிப்பது பெரும்பாலும் காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் மறிப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவனுக்கு எதிரே காற்றும் அதே வேகத்தில் வீசுமானால், அவனை மறிக்கும் விசை ஏறத்தாழ மூன்று கிலோவாகும். அதாவது நூற்றுக்கு நான்கு என்ற சரிவில் ஏறுவதற்கு அது சமம்.

ஆகவே மலையில்லாத எமக்குக் காற்று உண்டு. சோளகம் பெயர்ந்து வீசும் ஆனி, ஆடி மாதங்களிற் பண்ணைக் கடற்பாதையால் மண்டைதீவு நோக்கியும், வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கும் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இருமருங்கும் கடல், ஒதுங்க ஒரு வேலியில்லை, ஒரு பனையில்லை. பொன்னாலைப் பாலத்திலும் அதே கதை. எமது இளைஞர்கள் அதிகாலையை விட்டு, காற்று முற்றிய பிற்பகலில் அப்பாதைகளுக்குச் செல்லத் தொடங்கினார்கள். குடாநாட்டு மக்கள் எல்லாரும் வெறுக்கும் காற்றை இவர்கள் தேடிப்போவதைக் கண்டு, வலை உலர்த்திக்கொண்டிருந்த கடற்றொழிலாளர்கள் சிரித்தார்களாம். (மேல்காற்றுக்குக் கச்சான் என்றொரு பெயரும் உண்டு. நிலக்கடலைக்கும் எம்மவர் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். கச்சானுக்கு எதிரே ஓடிவிட்டுக் கச்சான் தின்றோம் என்று ஒரு பையன் சொல்லிச் சிரித்தான்.) நெதர்லாந்திலும் இவ்வாறான பைத்தியக்காரர்கள் உளர். புயற்காற்று வீசும் நாளாகத் தேர்ந்து, கியர் இல்லாத ஒரே வகைச் சைக்கிள்களில், கடலணை ஒன்றின் மேலாக எதிர்க்காற்றில் ஓடும் போட்டியொன்றை அந்நாட்டவர் நடத்துகிறார்கள்.

எனினும் காற்று மலையாகிவிடாது. காற்று தணியும், திசை மாறும், முன்னே செல்பவனின் முதுகுக்குப் பின் ஒளிந்துகொண்டால் பாதி குறையும். மலைக்கு எதிரே ஒளிய எவர் முதுகும் உதவாது. கரியரில் மணல்மூட்டை கட்டி ஓடிப் பார்த்தார்கள். பெரிய பற்சக்கரத்தில் மெதுவாக மிதித்தும் பார்த்தார்கள். பயன் இல்லாமற் போகவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் வித்தையை, வளைவிலே வேகத்தை அளந்து பிறேக் பிடிக்கும் வித்தையை, எந்த மணல்மூட்டை கற்றுத்தரும்?

மேற்சொன்ன ஒல்லாந்தர் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். திறென்தே என்னும் அவர்களது சமதரை மாகாணத்தில், பல ஆண்டுகளாகக் கொட்டிய குப்பையினால் எழுந்த குன்று ஒன்றின்மேற் கற்பதித்த பாதையிட்டு, 2023 ஆம் ஆண்டு ஐரோப்பிய சைக்கிளோட்டப் போட்டியையே அங்கு முடித்துவைத்தார்கள். இதைப் படித்தபோது எமக்கு வியப்பைவிட வேதனையே மிகுந்தது. எமது நாட்டின் தலைநகரும் சமதரைதான். அங்கும் ஒரு குப்பைமலை எழுந்தது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீத்தொட்டமுல்லையில் அது சரிந்தபோது, அதன் அடிவாரத்தில் வாழ்ந்த ஏழை மக்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யாழ்நகரின் குப்பை ஆண்டுக்கணக்காய்க் கொட்டப்பட்டுவந்த கல்லுண்டாய் வெளியின் அருகிலும் குடியிருப்பவர்கள் வசதிபடைத்தவர்கள் அல்லர். குப்பையை மலையாக்குவது எந்த நாட்டுக்கும் இயலும்; அதன்கீழ் யார் குடியிருக்கிறார்கள் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

இது ஒருபுறமிருக்க, குடாநாட்டில் ஏற்றமே இல்லை என்று நாம் இதுவரை எழுதியதைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். நிலத்தில் ஏற்றம் இல்லை என்பது மெய். ஏறியவர்கள் இல்லையா?

நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன்னர், புகையிலைத் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சியது துலா. விடியுமுன்னே ஒருவர் பட்டை பிடிக்க, மற்றொருவரோ இருவரோ துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார்கள். மேலே போனால் துலா தாழும், திரும்பினால் உயரும். மணிக்கணக்காக இந்த ஏறியிறங்கல் நடந்தது. அதனிலும் பெரிய ஏற்றம் பனையில் இருந்தது. காலில் தளைநாரும் இடுப்பிற் பாளைக்கத்தியும் முட்டியுமாகக் காலையும் மாலையும் பனையேறிய சீவற்றொழிலாளரின் ஏற்றத்தை எவரும் அளந்து பார்த்ததில்லை. நாம் அளந்து பார்த்தோம். பதினைந்து மீற்றர் உயரமுள்ள இருபது மரங்களில் ஒருவர் நாளுக்கு இருமுறை ஏறினால், அவர் ஏறிய உயரம் 600 மீற்றர். கம்பளையிலிருந்து நுவரெலியாவரை பாதை உயர்வது ஏறத்தாழ 1400 மீற்றர். மூன்று நாட்களில் அவர் அதைக் கடந்துவிடுவார். நான்காம் நாளும் ஏறுவார். தவறினாற் கீழே மண்.

இத்தனை உயரம் ஏறியவர்களைத்தான் எமது சமுதாயம் கீழே வைத்தது. கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் தேநீர்க்கடை வாங்கிலும் அவர்களை மறித்தது. கீரிமலைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரத்தில் 1968 ஆம் ஆண்டு நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை, அக்காலத்து முற்போக்கு இயக்கங்களின் வரலாறு அறிந்தோர் மறவார். ஏற்றம் தேடிய இளைஞர்களுள் ஒருவனின் பேரன் பனையேறியவர். இக்கணக்கை அவனிடம் காட்டியபோது அவன் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பின்பு, "அப்பப்பா இதை ஒரு நாளும் பெருமையாச் சொன்னதில்லை, சேர்" என்றான். பெருமையாகச் சொல்ல நாம் அவரை எப்போது விட்டோம்?

நிற்க. 2025 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் கழகத்தவர் ஆறு பேர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். ஒரு சிறிய லொறியில் அரிசியும் பருப்பும் ரயர்களுமாக நாம் பின்னே சென்றோம். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ 9 வீதி ஏறத்தாழ 321 கிலோமீற்றர் நீளமானது. போர்க்காலத்தில் அது மூடப்பட்டு, 2002 இல் திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்த பின்னரே எமக்கு மீண்டது. மலை தேடிச் சைக்கிளில் இறங்கிப் போவது என்பது ஒரு தலைமுறைக்கு நினைக்கவே முடியாதிருந்த காரியம். இந்தப் பையன்களுக்கு அது ஒரு பாதை, அவ்வளவே. அவர்கள் அப்படி நினைப்பது எமக்கு மகிழ்ச்சி தந்தது.

ஆனையிறவின் வெட்டவெளியிற் பக்கக்காற்று அவர்களை அலைத்தது. கிளிநொச்சியில் ஏழாவது ஆளாக ஒருவன் சேர்ந்துகொண்டான். முறிகண்டியில் எல்லாரையும்போலத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, தொடர்ந்தோம். வவுனியாவரையுள்ள ஏறத்தாழ 140 கிலோமீற்றரில் நிலம் உயர்வது நூறு மீற்றரளவே; கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. மாங்குளத்துக்கு அப்பால் வீதி சற்றே அலையெறிவதைக் கண்டு பையன்கள் ஆரவாரித்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மறுநாள் மிகிந்தலையில்தான் வானத்தை மறைக்கும் குன்றொன்றைக் கண்டார்கள். அதன் பாதை குறுகியது. ஏறத் தொடங்குமுன் முடிந்துவிடும். தம்புள்ளையைத் தாண்டி, நாலந்தையைத் தாண்டி, மாத்தளையை அடைந்த பின்னரே, பலகடுவைக் கணவாயில், மலை என்பது என்னவென்று அவர்களது தொடைகள் அறிந்தன.

மதவாச்சியிலிருந்து மாத்தளைவரை நாம் சென்ற அவ்வழி ஒரு பழைய வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கிய கூலிமக்கள், கங்காணிமாரின் பின்னே காடு வழியாக நடந்து மாத்தளைக்கு ஏறிய வழி அது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர்கள் விழுந்த இடத்திலே கிடந்தார்கள். கணக்கெடுத்தவர் இலர். 2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, அவர்களின் வழித்தோன்றல்களும் நண்பர்களும் யூலை மாத இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளைவரை அதே பாதையை நடந்து முடித்தார்கள். எமது பையன்கள் மூன்றுநாளில் வந்த தூரத்துக்கு அன்று மனிதர் கொடுத்த விலை என்ன என்பதை, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் இருந்து நாம் அவர்களுக்குச் சொன்னோம். ஒருவன் நித்திரையாகிவிட்டான். அவனையும் குறைசொல்வதற்கில்லை, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் மிதித்துவந்தவன்.

மலைப் பயிற்சி கம்பளையிலிருந்து தொடங்கியது. 1823 அளவில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் இந்நாட்டின் முதலாவது பெரிய கோப்பித் தோட்டத்தைத் திறந்ததாகச் சொல்லப்படும் சிங்காபிட்டி, கம்பளையின் அருகிலேதான் உள்ளது. அங்கிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவரை, ஏறத்தாழ 55 கிலோமீற்றர். எமது ஊர்க் கடைக்காரர் பின்சில்லிற் பெரிய பற்சக்கரம் பூட்டியனுப்பிய இருவர் மட்டும் ஒரே மூச்சில் இறம்பொடையைத் தாண்டினார்கள். ஏனையோரின் சமதரைக் கியர்கள் மலைக்கு உதவவில்லை, இறங்கித் தள்ளினார்கள். கிளிநொச்சிப் பையன் கடைசிக்கு முதல் ஆளாக வந்தான்.

அவனைப்பற்றிச் சொல்லவேண்டும். அவன் பாட்டி புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவரது குடும்பத்தை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை அவரது உடன்பிறந்தாரிற் பாதிப்பேரைக் கடலுக்கு அப்பால் அனுப்பியது. 1977 இன் வன்செயல் மிச்சமிருந்தவர்களை வன்னிக்குத் துரத்தியது. மலையிற் பிறந்தவர்கள் சமதரைக்கு வந்து, காடு வெட்டி, பிறர் வயலிற் கூலி செய்து, பிறகு போரின் முன்னணியிலும் அகப்பட்டார்கள். அவர்களுக்குக் குடாநாட்டார் சூட்டிய பெயர் 'தோட்டக்காட்டார்' என்பது. அச்சொல்லை இந்தப் பயணத்திலும் ஒருவன் பகிடியாகச் சொன்னான்; கிளிநொச்சியில், முதல் நாளிலேயே. நாம் கண்டித்தோம். சொன்னவன் தலைகுனிந்தான், கேட்டவனோ கேளாதவன்போல ரயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். கேளாதவன்போல இருக்கப் பழகுவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கும் என்று எமக்குத் தோன்றியது.

இறம்பொடைக்குக் கீழே ஒரு வளைவில் எல்லாரும் இளைப்பாறிக்கொண்டிருக்கையில், கொழுந்து நிறுத்துவிட்டு மடுவத்திலிருந்து திரும்பிய பெண்கள் சிலர் வீதிக்கு வந்தார்கள். தலையிற் கயிறு பதிந்த தழும்பு. அவர்களுள் மூத்தவர் சைக்கிள்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எங்கேயிருந்து தம்பி வாறீங்க?"

"யாழ்ப்பாணத்திலை இருந்து அம்மா."

"அம்மாடி! எதுக்கு?"

"மலை ஏறிப் பழகிறதுக்கு."

"சம்பளம் தாறாங்களா?"

"இல்லை அம்மா. நாங்கள்தான் செலவழிச்சு வாறம்."

அவர் கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நாங்க இன்னிக்கு ஏழாம் நம்பர் மலைக்கு ரெண்டு தரம் ஏறியாச்சு. காசு குடுக்காம ஏறச் சொன்னா ஒருத்தியும் ஏறமாட்டோம் தம்பி!"

தோட்டத்திலே மலை என்றால் கொழுந்து பறிக்கும் ஒரு பகுதி. அதற்கு ஓர் இலக்கம் உண்டு. நாம் நாளெல்லாம் தேடிவந்த சொல்லை அவர் இலக்கமிட்டுப் பேசினார். நாளொன்றுக்குப் 16, 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கு 2021 ஆம் ஆண்டுவரை போராடவேண்டியிருந்தது. பயிற்சி, இளைப்பாறல், சத்துணவு என்று எமது பையன்கள் புத்தகம் பார்த்துச் செய்வன எதுவும் அந்த ஏற்றத்துக்குக் கிடையா. காலைத் தேநீரும் ரொட்டியும் உண்டு.

கிளிநொச்சிப் பையன் பாட்டியின் தோட்டத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தான். அது புசல்லாவையிலிருந்து உள்ளே செல்லும் பாதையில் உள்ளது என்றும், தம் மருமகள் அத்தோட்டத்துப் பிள்ளை என்றும் அவர் சொன்னார். மறுநாட் காலை, மற்றவர்கள் மீண்டும் ஏறப் போனபோது, அவன் தனியே அங்கு சென்றான். 'தோட்டக்காட்டார்' என்று பகிடி சொன்னவன் தானும் வருவதாகக் கூறிக் கூடச் சென்றதை எழுதாமல் விடலாகாது. பிற்பகலில் இருவரும் தொலைபேசி இலக்கம் ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். பாட்டி இருந்த லயக் காம்பிராவில் இப்போது அவருக்கு ஒன்றுவிட்ட உறவினர் இருக்கிறார்களாம். கூரைத்தகரம் அதே தகரமாம்.

நான்கு நாட்கள் அப்பாதையிற் பழகினார்கள். ஏற்றம் மூன்றாம் நாளே வசமாயிற்று, இறக்கந்தான் வசமாகவில்லை. சமதரையான் மலையில் அஞ்சவேண்டியது இறக்கத்துக்கே. இடைவிடாது பிறேக்கை அழுத்திப் பிடித்தால் றிம் சூடேறி ரயர் வெடிக்கும்; முன்பிறேக்கையும் பின்பிறேக்கையும் விட்டுவிட்டு மாறிமாறிப் பிடிக்கவேண்டும்; வளைவுக்குள் நுழைந்தபின் அன்று, நுழையுமுன்னரே வேகத்தைத் தணித்துவிடவேண்டும்; பார்வை சில்லுக்கு முன்னாலன்றி வளைவின் மறுமுனையில் இருக்கவேண்டும். மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் இவற்றோடு கடவுளும் வேண்டும். அதே ஆண்டு மே மாதம் 11 ஆந் திகதி, இதே வீதியில், கொத்மலை கரண்டியெல்லைக்கு அருகில் பஸ் ஒன்று பள்ளத்துள் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அந்த வளைவால் இறங்கும்போது ஏழு பேரும் ஒருவர்பின் ஒருவராக, நடைவேகத்திலே வந்தார்கள். பின்னே லொறியில் நாம்.

ஊர் திரும்பியதும் கழகத்தவர் கூடி, ஆண்டுதோறும் இருமுறை மலைக்குச் செல்வதென்று தீர்மானித்தார்கள். உண்டியல் குலுக்கி, மலைக்கு ஏற்ற பற்சக்கரங்கள் வாங்கினார்கள். மாரி கழிந்ததும் புறப்பட நினைத்திருந்த வேளையில், நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தது. மலைநாட்டிற் சரிந்த மண் நூற்றுக்கணக்கானோரை மூடியது; நுவரெலியாவுக்குச் செல்லும் பாதைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. தாளிலிருந்த இலக்கத்துக்குக் கிளிநொச்சிப் பையன் இரண்டு நாட்களாக அழைத்தும் பதிலில்லை. மூன்றாம் நாள் கிடைத்தது. உயிருக்குச் சேதமில்லை, லயத்தின் பின்புறம் மேட்டில் வெடிப்புக் கண்டதால் எல்லாரும் பாடசாலையில் இருக்கிறார்கள். கழகத்தவர் அரிசியும் போர்வையும் சேர்த்து, நாம் முன்பு சென்ற அதே லொறியில், பாதை திறந்த மட்டில் அனுப்பிவைத்தார்கள்.

பயிற்சிக்கு மீண்டும் எப்போது போகலாம் என்பதை இனி நாம் வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. அந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கிறோம். எந்த வளைவில் வீதியின் வெளிப்புறம் தாழ்ந்திருக்கிறது, எங்கே இன்னும் கல் உருள்கிறது, எந்தப் பாலத்தில் ஒருபக்கம் மட்டும் வாகனம் விடுகிறார்கள் என்பனவெல்லாம் அங்கிருப்பவர்களுக்கே தெரியும். சென்ற முறை பேசியபோது மறுமுனையிலிருந்த பெரியவர் சொன்னது இது: "பஸ் ஓடுது ஐயா. ஆனா பிள்ளைங்கள சைக்கிள்ல இப்ப அனுப்பாதீங்க. இன்னும் ரெண்டு மழை பாத்துட்டு நாங்களே சொல்றோம்."

பையன்கள் பண்ணைப் பாலத்திற் காற்றுக்கு எதிரே ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.